கிரேடியன்ட் பட்டை பட்டையாகத் தெரிகிறதா? கை வைக்க வேண்டியது கோப்பிலா, திரையிலா?

இரவு வானம், மேடைப் பின்னணிக்கு விரித்த கருநீலம், லோகோவுக்குப் பின்னால் மங்கி மறையும் சாம்பல். ஒரு நிறம் இன்னொன்றாக மெல்ல மாறும் இந்த கிரேடியன்ட், வரைந்த கணினியில் வழுவழுவென்று இருந்தது, வாடிக்கையாளரின் லேப்டாப்பில் மரத்தின் வளையங்கள் மாதிரி படிப்படியாகத் தெரிகிறது. 'கலர் உடைஞ்சிருக்கே' என்று போன் வருகிறது. விசாரித்தால் நான்கு பேர் நான்கு யோசனை சொல்வார்கள்: நாய்ஸ் (பொடிப்பொடியான புள்ளிகள்) போடு, 16 பிட்டுக்கு மாற்று, 10 பிட் மானிட்டர் வாங்கு, கேலிப்ரேட் பண்ணு (திரையின் நிறத்தை அளந்து திருத்து). நான்குமே சரியான யோசனைதான், ஆனால் நான்கும் வெவ்வேறு கோளாறுக்கானவை. தப்பான இடத்தில் செலவு செய்தால் பட்டை அப்படியே இருக்கும், பணம் மட்டும் போயிருக்கும்.

## முதலில் கணக்கு

ஒரு சேனலுக்கு, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும், 8 பிட் என்றால் 256 படிகள். 10 பிட்டில் 1024. மலிவு லேப்டாப் பேனல்களில் காணும் 6 பிட்டில் வெறும் 64.

1920 பிக்சல் அகலத்தில் சாம்பல் 20-லிருந்து 40 வரை ஒரு கிரேடியன்ட் இழுங்கள். 8 பிட்டில் அந்த இடைவெளியில் இருப்பதே 21 மதிப்புகள். ஒரு பட்டைக்குச் சுமார் 91 பிக்சல். 10 பிட்டில் 81 மதிப்புகள்; பட்டை 24 பிக்சலாகச் சுருங்கும், பக்கத்துப் பட்டையோடு உள்ள வித்தியாசமும் கால்வாசியாகிவிடும். 6 பிட்டில் ஆறே ஆறு பட்டைகள், ஒவ்வொன்றும் 320 பிக்சல். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை போகும் கிரேடியன்டில் இந்தத் தொல்லை அவ்வளவாகக் கிடையாது. குறுகிய மதிப்பு இடைவெளியை நீண்ட தூரத்துக்கு இழுக்கும்போதுதான் மாட்டுகிறோம், அதுவும் இருண்ட நிறங்களில். போதாததற்கு நம் கண்ணே விளிம்பை மிகைப்படுத்திக் காட்டும். எர்ன்ஸ்ட் மாக் 1865-இல் விவரித்த விஷயம் அது. அதனால்தான் ஒரே ஒரு படி வித்தியாசம்கூடக் கோடு போட்டது போலத் தெரிகிறது.

மானிட்டரின் விவரத்தாளில் 'எத்தனை பிட்' என்று நேராகப் போட மாட்டார்கள். நிற எண்ணிக்கையை வைத்துக் கண்டுபிடிக்கலாம். 262 ஆயிரம் நிறம் என்றால் 6 பிட். 16.2 மில்லியன் என்றால் 6 பிட்டோடு எஃப்ஆர்சி. அடுத்தடுத்த ஃப்ரேம்களில் இரண்டு படிகளை மாற்றி மாற்றிக் காட்டி நடுவில் மூன்று படிகளை உண்டாக்கும் வித்தை அது. 63 இடைவெளியை நான்கால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 253 படிகள், மூன்று சேனலுக்கும் சேர்த்து 253 × 253 × 253 என்று பெருக்கினால் 16.2 மில்லியன். 16.7 மில்லியன் என்றால் பெரும்பாலும் 8 பிட், சில சமயம் மேம்பட்ட 6 பிட் எஃப்ஆர்சி. 1.07 பில்லியன், அதாவது 107 கோடி என்றால் 10 பிட் அல்லது 8 பிட்டோடு எஃப்ஆர்சி.

## எதை வைத்து முடிவெடுப்பது

- பார்க்கப் போவது யார்? உங்கள் திரையில் மட்டுமா, ஊரில் உள்ள எல்லா போனிலுமா?
- படிகள் எங்கே தொலைந்தன? கோப்பிலா, மென்பொருள் காட்டும் விதத்திலா, கேபிளிலா, பேனலிலா?
- என்ன விலை? பணம் மட்டும் இல்லை. கோப்பின் அளவு, மெமரி, நேரம் எல்லாம் சேர்த்தி.
- கடைசி வரை நிற்குமா? அளவு மாற்றி, ஜேபெக் ஆக்கி, வாட்ஸப்பில் போன பிறகும் பலன் இருக்குமா?
- நிறத் துல்லியம் முக்கியமா, வழுவழுப்பு முக்கியமா? இரண்டும் எப்போதும் ஒரே பக்கம் நிற்பதில்லை.

இதில் இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாமல் மற்றவற்றுக்குப் போகாதீர்கள். கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும்.

படத்தை 100 சதவீத ஜூமில் வையுங்கள். குறைந்த ஜூமில் மென்பொருள் சுருக்கிக் காட்டும் முன்னோட்டமே பட்டையை உண்டாக்கலாம். இன்ஃபோ பேனலைத் திறந்து, ஐட்ராப்பரைப் பட்டையின் எல்லைக்கு இரு பக்கமும் நகர்த்துங்கள். மதிப்பு 31, 32 என்று ஒன்று மட்டும் மாறினால், கோப்பு 8 பிட்டின் எல்லையில் நிற்கிறது. அதில் இனி கொடுக்கப் படி இல்லை. 31-லிருந்து 34-க்குத் தாவினால், எடிட்டிங்கில் படிகள் தொலைந்திருக்கின்றன. எந்த மதிப்பில் எத்தனை பிக்சல் என்று காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்தால் சீப்புப் பல் மாதிரி இடைவெளி தெரியும். பிக்சலுக்குப் பிக்சல் மதிப்பு லேசாக ஏறி இறங்கிக்கொண்டே இருந்தும் கண்ணுக்குப் பட்டை தெரிந்தால், கோப்பு நன்றாக இருக்கிறது, கோளாறு திரைப் பக்கம்.

இன்னொரு சோதனை, ஸ்கிரீன்ஷாட். அது கிராஃபிக்ஸ் கார்டின் திருத்த அட்டவணைக்கும் (திரைக்குப் போகும் நிறத்தைத் திருத்தும் பட்டியல்) பேனலுக்கும் முன்னாலேயே எடுக்கப்படுவதால், அந்த இரண்டின் கோளாறும் அதில் பதியாது. பிஎன்ஜி ஆகச் சேமித்து வேறு திரையில் திறங்கள். அங்கே பட்டை இல்லை என்றால் குற்றவாளி உங்கள் திரைதான்.

## வழி 1: திரைச் சங்கிலியைச் சுத்தம் செய்வது

காசில்லாத வழி என்பதால் இதை முதலில் முடித்துவிடுங்கள். விண்டோஸின் நைட் லைட், மேக்கின் நைட் ஷிஃப்ட், எஃப்.லக்ஸ் மாதிரியானவை நீலத்தைக் குறைத்துத் திரையைக் கதகதப்பாக்கும். 8 பிட் இணைப்பில் நீல சேனலை 85 சதவீதத்துக்கு இறக்கினால் 256 படிகள் ஏறக்குறைய 217 இடங்களுக்குள் நெருக்கியடிக்க வேண்டும். 40-க்குக் கிட்டத்தட்ட படிகள் பக்கத்துப் படியோடு ஒட்டிக்கொள்ளும். மாலை 6 மணிக்கு மேல் மட்டும் வானத்தில் பட்டை வருகிறது என்றால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

கேலிப்ரேஷனிலும் இதே கதைதான். திரையின் நிறத்தை அளக்கும் கருவியான கலரிமீட்டரை வைத்து டிஸ்ப்ளேகால் மாதிரியான மென்பொருளில் அளந்தால், திருத்தம் கிராஃபிக்ஸ் கார்டின் அட்டவணையில் ஏறும். திருத்தம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு படிகள் போகும். 'கேலிப்ரேட் பண்ணினேன், பட்டை கூடிவிட்டது' என்ற புலம்பலுக்குக் காரணம் இதுதான். தப்பிக்க வழி உண்டு: முதலில் மானிட்டரின் சொந்த மெனுவில் சிவப்பு, பச்சை, நீல கெய்னை மாற்றி வெள்ளைப் புள்ளியைக் குறிக்கு மிக அருகில் கொண்டுவந்துவிடுங்கள். மிச்சம் இருக்கும் சிறு திருத்தம் மட்டும் கார்டுக்குப் போகட்டும். ஈஸோவின் கலர்எட்ஜ் வரிசை போன்றவற்றில் திருத்த அட்டவணை மானிட்டருக்குள்ளேயே 16 பிட்டில் இருப்பதால் இந்த இழப்பு இல்லை. அவற்றின் விலைக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மறைவான செலவு: நீங்கள் திருத்தியது உங்கள் கண்ணுக்கு மட்டும்தான். வாடிக்கையாளர் திரையில் ஒரு பிக்சல்கூட மாறாது.

எப்போது சரி: கோப்பு நன்றாக இருந்து, உங்கள் திரையில் மட்டும் பட்டை தெரியும்போது. நிறம் பொருந்துவது முக்கியமான அச்சு வேலை, துணி வேலை செய்பவர்களுக்குக் கேலிப்ரேஷன் எப்படியும் வேண்டும்; பட்டைக்கு மருந்து என்று நினைத்து மட்டும் செய்யாதீர்கள்.

## வழி 2: 16 பிட்டில் வேலை, 8 பிட்டில் டிதரோடு வெளியீடு

பெரும்பாலானவர்களுக்கு இதுதான் விடை. தத்துவம் எளிது: வேலை முடியும் வரை படிகளைத் தொலைக்காதே, தொலைத்தே ஆக வேண்டிய கடைசி அடியில் அதை நாய்ஸாகச் சிதறடி. இந்தச் சிதறடிப்புக்குப் பெயர்தான் டிதர்.

ஃபோட்டோஷாப்பில் இமேஜ், மோட், 16 பிட்ஸ்/சேனல். ஜிம்ப் 2.10-லிருந்து இமேஜ், பிரிசிஷன், 16 பிட். கிரிட்டாவில் புதுக் கோப்பு திறக்கும்போதே கேட்கும். பலர் தவறுவது எங்கே என்றால், 8 பிட்டில் கிரேடியன்டை வரைந்து முடித்து, பட்டையைப் பார்த்த பிறகு 16-க்கு மாற்றுகிறார்கள். 21 படி 21 படியாகவே இருக்கும். பெரிய பாத்திரத்துக்கு மாற்றியதால் சோறு கூடாது. மாற்றிய பின் கிரேடியன்டை மறுபடி வரைய வேண்டும், அல்லது அது கிரேடியன்ட் ஃபில் லேயராக இருந்திருக்க வேண்டும்.

வரிசை முக்கியம். கர்வ்ஸ், லெவல்ஸ், பிளெண்டிங் எல்லாம் 16 பிட்டில். பிறகு இறுதி அளவுக்கு ரீசைஸ். பிறகு ஷார்ப்பன். அதற்குப் பிறகுதான் டிதர். கடைசியாக 8 பிட் எக்ஸ்போர்ட். டிதரை முதலில் போட்டுவிட்டு அளவைப் பாதியாக்கினால், நான்கு பிக்சலின் சராசரி ஒரு பிக்சலாகி நாய்ஸின் வலு பாதியாகும். பட்டை மெல்ல எட்டிப் பார்க்கும்.

ஜிம்பில் பிரிசிஷனை 8-க்கு இறக்கும்போது வரும் பெட்டியிலேயே லேயர்களுக்கு டிதரிங் தேர்வு இருக்கிறது. கிரேடியன்ட் கருவியிலும் தனியாக உண்டு. ஃபோட்டோஷாப்பின் கிரேடியன்ட் கருவியிலும் டிதர் பெட்டி மேலே இருக்கும். அதில் டிக் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள், எப்போதோ யாரோ எடுத்துவிட்டிருப்பார்கள்.

மறைவான செலவு: 6000 × 4000 படத்தில் ஒரு லேயர் 8 பிட்டில் 72 எம்பி, 16 பிட்டில் 144 எம்பி. பத்து லேயர் போட்டால் 8 ஜிபி ரேம் உள்ள கணினி முனக ஆரம்பிக்கும். ஃபோட்டோஷாப்பின் ஃபில்டர் கேலரி 16 பிட்டில் திறக்காது. ஜிம்பில் எக்ஸ்போர்ட் செய்யும்போது பிக்சல் ஃபார்மட்டை 8 பிட் என்று சொல்லாவிட்டால் 16 பிட் பிஎன்ஜி வெளியே போகும். கோப்பு பெருக்கும், 8 பிட் திரையில் மிச்ச பிட்டுகள் வெட்டப்பட்டுப் பழைய பட்டையே திரும்பும்.

எப்போது சரி: வேலையைத் தொடங்கும் முன்பே தெரிந்தால். தொடங்கி முடித்துவிட்டால் அடுத்த வழி.

## வழி 3: இருக்கும் 8 பிட் கோப்பில் நாய்ஸ்

லேயர்கள் எல்லாம் ஒன்றாகிப் பிளாட்டன் ஆன ஜேபெக் மட்டும் கையில் இருக்கிறது, மூலக் கோப்பு யாரிடமும் இல்லை. நடைமுறையில் பாதி வேலைகள் இப்படித்தான் வந்து சேர்கின்றன.

பட்டை லேசாக இருந்தால் மேலே ஒரு நாய்ஸ் லேயர் போதும். 50 சதவீத சாம்பல் நிரப்பிய புது லேயர், அதில் ஆட் நாய்ஸ் 1 சதவீதம், மோனோக்ரோமாட்டிக் டிக். இங்கே பிளெண்ட் மோட் விஷயத்தில் பரவலாக ஒரு தவறான பாடம் ஓடுகிறது. பலர் ஓவர்லே சொல்லித் தருகிறார்கள். ஓவர்லேயில் கீழுள்ள நிறம் எவ்வளவு இருண்டதோ அவ்வளவு நாய்ஸ் அமுங்கும். சாம்பல் 20-இல் நீங்கள் போட்ட நாய்ஸில் ஆறில் ஒரு பங்குகூடச் சரியாக வராது. பட்டை அதிகம் தெரிவதே அந்த இருட்டில்தான்! லினியர் லைட் போடுங்கள். அது இருட்டு வெளிச்சம் பார்க்காமல் எல்லா இடத்திலும் சமமாகக் கூட்டிக் கழிக்கும். ஆனால் நாய்ஸை இரட்டிப்பாக்கும், ஆகவே ஒபாசிட்டியை 30 முதல் 50 சதவீதத்துக்குள் வையுங்கள். இலக்கு, ஒவ்வொரு பிக்சலும் ஒன்றிரண்டு படி ஏறி இறங்குவது. அதற்கு மேல் போனால் மணல் தூவியது போலாகிவிடும்.

பட்டை அகலமாக, எல்லை கூர்மையாக இருந்தால் நாய்ஸ் மட்டும் போட்டால் மணல் தூவிய பட்டைதான் கிடைக்கும். அப்போது இப்படி:

1. கோப்பை 16 பிட்டுக்கு மாற்றுங்கள்.
2. லேயரை நகலெடுத்து, பட்டை உள்ள பகுதிக்கு மட்டும் மாஸ்க் போடுங்கள். முகம், எழுத்து, விளிம்பு எதுவும் உள்ளே வரக் கூடாது.
3. காஸியன் பிளர். ரேடியஸ் ஒரு பட்டையின் பாதி அகலத்துக்குக் குறையாமல். 91 பிக்சல் பட்டைக்கு 50-லிருந்து தொடங்குங்கள். 16 பிட்டில் செய்வதால் இடைப்பட்ட மதிப்புகள் உண்மையிலேயே பிறக்கும். இதையே 8 பிட்டில் செய்தால் முழு எண்ணுக்குச் சுருண்டு மறுபடி படியாகும்.
4. மாஸ்க்கின் விளிம்பை மென்மையாக்கி, மேலே சொன்ன லினியர் லைட் நாய்ஸைப் படம் முழுக்கப் போடுங்கள். பிளர் செய்த இடத்தில் மட்டும் போட்டால் ஒட்டுப் போட்டது தெரியும்.
5. 8 பிட்டுக்கு இறக்கி எக்ஸ்போர்ட்.

மறைவான செலவு: இது கோப்பு வடிவத்தில் இருக்கிறது. பிஎன்ஜி சுருங்குவதே பக்கத்துப் பக்கத்துப் பிக்சல் ஒத்திருப்பதால்தான். நாய்ஸ் அந்த ஒற்றுமையைக் கெடுப்பதால் வெறும் கிரேடியன்டாக இருந்தபோது சில பத்து கேபியில் முடிந்த கோப்பு பல மடங்கு வீங்கும். ஜேபெக்கில் நேர் எதிர்ச் சிக்கல்: தரத்தை 60-க்கு இறக்கினால் ஒரு படி நாய்ஸைத் தேவையில்லாத விவரம் என்று எண்ணித் துடைத்துவிடும், பட்டை திரும்பும், கூடவே 8 × 8 கட்டங்களும் வரும். தரத்தை 90-க்கு மேல் வையுங்கள், அல்லது நாய்ஸைக் கொஞ்சம் பருமனாக்குங்கள். வெப்பி என்ற பட வடிவத்தில் தரம் இழக்கும் லாஸி வகை இன்னும் மோசம். அது 8 பிட்டிலும் ஒளி மதிப்பை 16 முதல் 235 வரை, 220 படிகளுக்குள் அடக்குகிறது. கிரேடியன்டே பிரதானமான படத்துக்கு அதைத் தவிர்த்து 10 பிட் ஏவிஐஎஃப் வடிவத்தைப் பார்க்கலாம்.

வாட்ஸப்பில் அனுப்பி 'ஓகேவா?' என்று கேட்பவர்கள் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். படமாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கும், வாடிக்கையாளர் பார்ப்பது உங்கள் கோப்பே அல்ல. வெறும் வெப்சைட் பின்னணி என்றால் முழுப் படமே தேவையில்லை. கிரேடியன்டை சிஎஸ்எஸ்ஸில் எழுதி, மேலே 128 × 128 நாய்ஸ் ஓடு ஒன்றைத் திரும்பத் திரும்பப் பதித்தால் சில கேபியில் முடிந்துவிடும்.

எப்போது சரி: கோப்பு 8 பிட்டில் மாட்டிக்கொண்டு, பார்க்கப் போவது பலவகைத் திரைகளாக இருக்கும்போது. ஐகான், எழுத்து, தட்டையான ஒற்றை நிறம் இவற்றுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்.

## வழி 4: முழு 10 பிட் சங்கிலி

எல்லோருக்கும் ஆசை இதன் மேல்தான். கோப்பு, மென்பொருள், இயங்குதளம், டிரைவர், கார்டு, கேபிள், பேனல் ஏழும் 10 பிட் ஆக இருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் சத்தமே இல்லாமல் 8-க்கு இறங்கும், எச்சரிக்கைகூட வராது.

கேபிளில் ஏமாறுபவர்கள் அதிகம். எச்டிஎம்ஐ 2.0-இன் திறன் விநாடிக்கு 18 கிகாபிட். 4கே, 60 ஹெர்ட்ஸ், 8 பிட் ஆர்ஜிபிக்கே 17.82 போய்விடுகிறது. 10 பிட்டுக்கு 22-க்கு மேல் வேண்டும்; நுழையாது. கார்டு என்ன செய்யும்? 8 பிட்டுக்கு இறங்கும், அல்லது நிற விவரத்தைப் பாதியாக்கி 4:2:2-க்குப் போகும். இரண்டாவது நடந்தால் பட்டை குறையும், ஆனால் சிவப்பு எழுத்தின் ஓரங்கள் கசிந்தது போலத் தெரியும். டிஸ்ப்ளேபோர்ட் 1.2-இல் அதே 4கே 60 ஹெர்ட்ஸ் 10 பிட்டில் போகும். ஆகவே பெட்டியோடு வந்த எச்டிஎம்ஐ கேபிளை ஓரமாக வைத்துவிட்டு டிஸ்ப்ளேபோர்ட்டில் இணையுங்கள். 1440பி திரைக்கு இந்தத் தொல்லை இல்லை.

இணைத்த பின் விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே போய் பிட் டெப்த் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 8 என்று இருந்தால் என்விடியா கண்ட்ரோல் பேனலில் சேஞ்ச் ரெசல்யூஷன் பக்கத்தில் என்விடியா கலர் செட்டிங்ஸைத் தேர்ந்து, அவுட்புட் கலர் டெப்த் 10 பிபிசி, ஃபார்மட் ஆர்ஜிபி, டைனமிக் ரேஞ்ச் ஃபுல். பிறகு ஃபோட்டோஷாப்பில் பிரிஃபரன்ஸஸ், பெர்ஃபார்மன்ஸ், அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ், 30 பிட் டிஸ்ப்ளே. சாதாரண ஜீஃபோர்ஸ் கார்டில் இது ஓடாது, தொழில்முறைக் குவாட்ரோ கார்டு வேண்டும் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. 2019 ஜூலையில் வந்த ஸ்டுடியோ டிரைவரோடு அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. ஏஎம்டி டிரைவரில் 10 பிட் பிக்சல் ஃபார்மட் என்று தனித் தேர்வு இருக்கிறது. மேக்கில் 2015-இன் எல் கேப்பிட்டனிலிருந்தே ஆதரவு உண்டு.

அசல் 10 பிட்டா, 8 பிட்டோடு எஃப்ஆர்சியா? மேஜை மேல் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். அதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு கலரிமீட்டர் வாங்கலாம்.

மறைவான செலவு: பணத்தைவிடப் பெரியது ஒன்று உண்டு. நல்ல திரை நோயை மறைத்துவிடும். 16 பிட் கோப்பை 10 பிட் திரையில் பார்த்து 'அருமை' என்று ஒப்புக்கொண்டு டிதர் இல்லாமல் 8 பிட்டில் அனுப்பினால், பட்டையை முதலில் பார்ப்பது வாடிக்கையாளராக இருப்பார். 10 பிட் திரை வைத்திருப்பவர் பக்கத்தில் ஒரு பழைய லேப்டாப்பையும் வைத்திருக்க வேண்டும்.

எப்போது சரி: எச்டிஆர் வீடியோ கிரேடிங், பெரிய அளவு புகைப்பட அச்சு, எக்ஸ்-ரே போன்ற மருத்துவப் படங்கள். சமூக வலைதள போஸ்டருக்கு இது ஆடம்பரம்.

## வழி 5: குறைந்த நிறத் திரைக்குத் தனிப் பதிப்பு

சில திரைகளுக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது, அவற்றின் பிட்டே அவ்வளவுதான். ஆர்டுயினோ, இஎஸ்பி32 போன்ற சிறு மின்னணுப் பலகை வேலைகளில் வரும் சின்ன டிஎஃப்டி திரைகள் பெரும்பாலும் ஆர்ஜிபி 565-இல் ஓட்டப்படுகின்றன: சிவப்புக்கு 32 படி, பச்சைக்கு 64, நீலத்துக்கு 32.

இதில் வரும் விசித்திரம் பட்டை மட்டும் இல்லை, சாயம். வெப் டிசைனர் கொடுத்த அடர் சாம்பல் (30, 30, 30)-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி பிட்டுகளை வெட்டினால் திரையில் வருவது ஏறக்குறைய (25, 28, 25), பச்சை கலந்த சாம்பல். வெட்டாமல் அருகிலுள்ள படிக்கு உருட்டினால் (33, 28, 33), ஊதா கலந்த சாம்பல். திரையை ஓட்டும் மென்பொருள் நூலகத்தை மாற்றினால் நிறமும் மாறுகிறது, திரை பழுது என்று திருப்பிக் கொடுக்கிறார்கள்! பேசாமல் மூல நிறத்தை (33, 33, 33) ஆக்குங்கள். வெட்டினாலும் உருட்டினாலும் (33, 32, 33)-இல் வந்து நிற்கும். லோகோ நிறம், பட்டன் நிறம் எல்லாவற்றையும் இப்படி ஒரு தடவை கணக்குப் போட்டுப் பக்கத்துப் படிக்கு நகர்த்திவிட்டால் பிறகு தலைவலி இல்லை.

படங்களுக்கு ஜிம்பின் கலர்ஸ் மெனுவில் டிதர் இருக்கிறது. சிவப்பு 32, பச்சை 64, நீலம் 32 என்று படிகளைக் கொடுங்கள். நிற்கும் புகைப்படத்துக்கு ஃப்ளாய்ட்-ஸ்டைன்பெர்க் என்ற டிதர் முறை அழகாக வரும். அசைவுள்ள இடத்தில் அது எறும்பு ஊர்வது போல நெளியும், ஆகவே அங்கே பேயர் என்ற முறை. கிரேடியன்ட் வண்ணக் குப்பையாக, வானவில் கோடுகளாகத் தெரிந்தால் அது பட்டைச் சிக்கலே கிடையாது. இரண்டு பைட்டின் வரிசை தலைகீழாகப் போகிறது. டிரைவரிலோ நூலகத்திலோ பைட் மாற்று அமைப்பை மாற்றிப் பாருங்கள். சிவப்பு நீலமாகத் தெரிந்தால் சேனல் வரிசை.

இந்தச் சின்னத் திரைகளை ஓட்டும் ஐஎல்ஐ9341 போன்ற சிப்புகள் சேனலுக்கு 6 பிட்டும் ஏற்கும். அதற்கு விலை வேகம்: 240 × 320 திரைக்கு ஒரு ஃப்ரேம் 1,53,600 பைட்டிலிருந்து 2,30,400 ஆகும். 40 மெகாஹெர்ட்ஸ் எஸ்பிஐ இணைப்பில் விநாடிக்கு 32 ஃப்ரேம் போனது 21-ஆகக் குறையும். நின்ற படம் என்றால் எடுத்துக்கொள்ளலாம், அசையும் மெனு என்றால் 565-லேயே டிதர் போடுங்கள்.

கிண்டில் மாதிரியான இ-இங்க் திரைகளில் 16 சாம்பல் படிகள்தான். காமிக்ஸ் பக்கத்தைத் திரையின் துல்லியமான பிக்சல் அளவுக்குச் சுருக்கிய பிறகே 16 படிக்கு டிதர் செய்யுங்கள். முன்னால் செய்துவிட்டுக் கருவியைச் சுருக்க விட்டால் சல்லடை மேல் சல்லடை வைத்தது போல அலைக்கோலம் வரும்.

மறைவான செலவு: ஒவ்வொரு திரைக்கும் ஒரு கோப்பு. மூலத்தைத் திருத்தினால் அத்தனையையும் மறுபடி எடுக்க வேண்டும். பெயரில் திரையின் அளவையும் பிட்டையும் எழுதி வைக்காவிட்டால் ஆறு மாதத்தில் எது எது என்று தெரியாது.

எப்போது சரி: எந்தத் திரையில் ஓடப்போகிறது என்று உறுதியாகத் தெரியும்போது மட்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | யார் கண்ணுக்குப் பலன் | செலவு | எங்கே கைவிடும் |
|---|---|---|---|
| திரைச் சங்கிலி சுத்தம் | உங்களுக்கு மட்டும் | இலவசம். அளக்கக் கலரிமீட்டர் | கோப்பிலேயே படி இல்லாதபோது |
| 16 பிட் வேலை, டிதர் வெளியீடு | எல்லோருக்கும் | இரட்டை மெமரி | டிதருக்குப் பின் அளவு மாற்றினால் |
| 8 பிட் கோப்பில் நாய்ஸ் | எல்லோருக்கும் | பெரிய பிஎன்ஜி | அதிகம் சுருக்கிய ஜேபெக், வெப்பி |
| 10 பிட் சங்கிலி | உங்களுக்கும் அதே வசதி உள்ளவர்களுக்கும் | அதிகம் | ஏழில் ஒன்று 8 பிட் ஆனால் |
| தனிப் பதிப்பு | அந்த ஒரு திரைக்கு | நேரம், பல கோப்புகள் | திரை மாறினால் |

## இரண்டு வழி சேரும் இடம்: மேடை எல்இடி சுவர்

கல்யாண ரிசப்ஷன், கட்சி மேடை வேலை செய்பவர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். மண்டபத்துக்குள் கண் கூசாமல் இருக்கச் சுவரின் பிரகாசத்தை ஆபரேட்டர் வெகுவாக இறக்கி வைத்திருப்பார். இறக்க இறக்க அடிமட்டப் படிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கருநீல வானம் நான்கைந்து திட்டுகளாகிவிடும். அதோடு பி3 வகைச் சுவரில் (பிக்சலுக்குப் பிக்சல் 3 மி.மீ. இடைவெளி) 3.84 மீட்டர் அகலத்துக்கு இருப்பதே 1280 பிக்சல். நீங்கள் 1920-இல் கொடுத்த டிதரைச் சுவரின் பிராசஸர் சுருக்கும்போது கரைத்துவிடும்.

ஆகவே சுவரின் பிக்சல் அகலம், உயரம் இரண்டையும் ஆபரேட்டரிடம் முதலிலேயே கேட்டு வாங்குங்கள். அடி, மீட்டர் கணக்கு வேண்டாம், பிக்சல். 16 பிட்டில் அதே அளவில் வரைந்து, பின்னணியின் இருண்ட முனையை 20-லிருந்து 45, 50 வரை தூக்கி, நாய்ஸை வழக்கத்தைவிடப் பருமனாக, மூன்று நான்கு படிக்குப் போடுங்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் கரடுமுரடாக இருக்கும். முதல் வரிசை நாற்காலியிலிருந்து பார்த்தால் தெரியாது. வெறும் கிரேடியன்டுக்குப் பதில் துணி மடிப்பு, மேகம், பொக்கே (மங்கலான ஒளி வட்டங்கள்) மாதிரி ஏதாவது ஒரு அமைப்பைக் கலந்தால் இன்னும் நல்லது. நிகழ்ச்சிக்கு முன் ஒரு தடவை, நிகழ்ச்சியின்போது வைக்கப்போகும் அதே பிரகாசத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முழு வெளிச்சத்தில் பார்த்து ஓகே சொன்னால் இரவு ஏழு மணிக்கு வேறு படம் ஓடும்.